விண்ணுக்குக் காவலா, வேட்டைக்களமா?

ஏற்காட்டு மலைமுகட்டில் நின்று நோக்குவோர்க்குச் சேலத்துச் சமவெளி கண்கொள்ளாக் காட்சி. அந்த மண் 1792 வரையில் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? இரும்புக் குழாயில் வெடிமருந்து திணித்து ஏவுகணை செய்து, அதனை ஏவுதற்கென்றே வீரர்களைப் பழக்கி வைத்திருந்தனர் ஐதரும் திப்புவும். 1780-இல், காஞ்சிக்கு அருகே புள்ளலூரில், கும்பினிப் படையைக் கலங்கடித்த கருவிகளுள் அதுவும் ஒன்று. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றிய ஏவுகணைகள் இங்கிலாந்து சென்றன. காங்கிரீவ் என்பார் அவற்றைக் கண்டு புதியன செய்தார். 1807-இல் கோப்பன்ஹேகன் நகரம் பற்றி எரிந்தது! நாம் செய்த கருவி நம் கையிலேயே தங்கிவிடும் என்று நம்புவோர் அந்த நகரத்துச் சாம்பலைக் கேட்கட்டும்.

தோழர்களே! இந்தப் பழங்கதை ஏன் என்பீர். 'விண்வெளிக்கும் ஒரு படை வேண்டும்' என்ற முழக்கம் இன்று ஓங்கி ஒலிக்கிறது. 2019-இல் அமெரிக்கா அதற்கெனத் தனிப்படையே கண்டது. அதே ஆண்டில் நம் நாட்டிலும், முப்படைக்கும் பொதுவாக, பாதுகாப்பு விண்வெளி முகமை பெங்களூரில் அமைந்தது. அமையட்டும்! கடற்படைக்கென 2013-இல் ஒரு செயற்கைக்கோள், வான்படைக்கென 2018-இல் மற்றொன்று சென்றன. அவை படையின் கண், படையின் செவி. கண்ணைக் காக்க இமை வேண்டாம் என்று கூறும் பித்தர்கள் அல்லர் நாம்.

ஆனால், 2019 மார்ச் 27-இல் நடந்தது காவலா? தேர்தல் அறிவிக்கப்பட்டுப் பதினேழாம் நாள், தொலைக்காட்சியில் தோன்றினார் பிரதமர். நம் செயற்கைக்கோளையே, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில், நம் ஏவுகணையே உடைத்தது என்று உவகை பொங்க உரைத்தார். சிதறல்கள் 45 நாளில் விழுந்துவிடும் என்றனர் அதிகாரிகள். ஓராண்டு கழிந்த பின்னும் சில துண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன! சீனம் 2007-இல் இன்னும் உயரத்தில் உடைத்ததே, அதன் குப்பை இன்றும் சுற்றுகிறது. 2021-இல் ரஷ்யா உடைத்தபோது, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தோர் உயிருக்கு அஞ்சித் திரும்புகலங்களில் ஒதுங்கினர். அவர்களில் ரஷ்யரும் இருவர்! தன் பிள்ளை, பிறர் பிள்ளை என்று சிதறல் பார்ப்பதில்லை.

நாடகக் கொட்டகையில் கத்திச் சண்டை நடத்திப் பழகியவன் நான். வீச்சு தவறி விளக்கு கவிழ்ந்தால், வென்றவன், தோற்றவன், சீட்டு வாங்கி அமர்ந்தவன் என்று பிரித்தா எரிக்கும் நெருப்பு?

'அண்டை நாட்டான் வைத்திருக்கிறானே' என்பர். ஆற்றல் உண்டு என்று காட்டியாயிற்று, ஒருமுறை போதாதா? 1967-இன் விண்வெளி உடன்படிக்கை, அணுகுண்டைச் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடுக்கிறதே தவிர, இத்தகைய உடைப்பைத் தடுக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கும் முதற்படியாக, 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொது அவையில் தீர்மானம் வந்தது. இத்தகைய அழிப்புச் சோதனைகளை நடத்துவதில்லை என உறுதி கூறுமாறு எல்லா நாடுகளையும் அழைத்தது. ஆதரித்தவை 155 நாடுகள். எதிர்த்தவை ஒன்பது. புத்தரையும் காந்தியாரையும் போற்றிப் பேசும் டில்லி, எப்பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றது!

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர். நாளை நம் கடற்கரையிலிருந்து எழும் சிறு செயற்கைக்கோள்கள், சிதறல் திரியும் அந்தப் பாதைகளில்தான் செல்ல வேண்டும். ஆகவே, தெருமுனைக் கூட்டத்திலும் கேளுங்கள், நாடாளுமன்றத்திலும் கேட்கச் செய்யுங்கள்: அன்று கை உயர்த்தாதது ஏன்? இனி உடைப்பதில்லை என்ற உறுதிமொழியை டில்லி எந்நாளில் தரப்போகிறது?