நல்ல படமும் நண்பர் கடனும்

1880ஆம் ஆண்டிலே, கும்பகோணத்தில், சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப், உ. வே. சாமிநாதையரை நோக்கிச் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எனத் தாம் கற்றவற்றை வரிசையாகக் கூறிக்கொண்டிருந்த ஐயருக்கு அவ்வினா புதிதாயிருந்தது. முதலியார் வினவியதோடு அமையாது, தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்துதவினார். ஏழாண்டுகளின் பின், 1887இல், சிந்தாமணி ஐயர் பதிப்பாக அச்சேறியது; சங்க நூல்கள் பலவும் அதன்பின் அவர் கையால் வெளிப்போந்தன. இதிலே முதலியார் செய்தது யாது? அவர் நூல் எழுதினாரல்லர், உரை வகுத்தாரல்லர், பதிப்பித்தாருமல்லர். தாம் நயந்த ஒன்றை, அதனைப் பெறுதற்குத் தக்க ஒருவரிடம் எடுத்துக் கூறினார். அவ்வளவே. எனினும், அவ்வொரு சொல் இல்லையாயின் தமிழுக்கு நேர்ந்திருக்கக்கூடிய இழப்பை எண்ணிப் பார்க்கவும் அச்சமாயிருக்கின்றது.

நல்ல திரைப்படமொன்றைக் கண்டவர் அதனைத் தம் நண்பர்க்கு எடுத்துக் கூறுதலும் இவ்வகைப்பட்ட பணியே என்பது என் துணிபு. கல்லூரி மலரிலே சினிமாவைப் பற்றிய பேச்சா எனப் புருவம் நெரிப்போர் சிலர் இருத்தல் கூடும். அவர்களுக்குரிய விடையைப் பின்னர்க் கூறுவேன். இப்போது அவர்கள் சற்றே பொறுத்தருள்க.

நூலுக்கும் படத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நூல் அலுமாரியிலே காத்திருக்கும். இன்று எவரும் தீண்டாவிடினும், நாளை ஒருவன் கையில் அகப்படும். படமோ அவ்வாறன்று. அரங்கிலே ஓடும் சில நாள்களுக்குள் பார்ப்பவர் வராவிடின் அது பெட்டிக்குள் போய்விடும். மேலும், விளம்பரம் என்பது பணமுள்ள படத்துக்கே வாய்ப்பது. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் எவற்றைப் புகழ்கின்றன என்பதை நாம் அறிவோம். பணமற்ற நல்ல படத்துக்கு உள்ள விளம்பரம் ஒன்றே ஒன்று. அஃது, அதனைப் பார்த்தவனுடைய வாய்.

இதற்குச் சான்று வேண்டுவோர் சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் வரலாற்றை நோக்குக. 1947இல் கல்கத்தாவிலே திரைப்படக் கழகமொன்றைத் தொடங்கி, நல்ல படங்களை நண்பர்களுடன் பார்த்தும் விவாதித்தும் வந்தோருள் ராயும் ஒருவர். 1950இல் இலண்டன் சென்றிருந்தபோது, விற்றோரியோ டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்’ என்னும் இத்தாலியப் படத்தைக் கண்டு, தாமும் படம் எடுப்பதென உறுதி பூண்டார். 1952இல் தொடங்கிய படப்பிடிப்புப் பணமின்றிப் பலகாலம் தடைப்பட்டது. மனைவியின் நகைகளும் அடகு வைக்கப்பட்டன. அந்நிலையிலே, வேறு அலுவலாக இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்க நெறியாளர் ஜோன் ஹூஸ்ரன், ஒலி சேர்க்கப்படாத சிறு பகுதியைப் பார்த்துவிட்டு, நியூயோர்க் நவீன கலைக் காட்சியகத்தினர்க்கு அதனைப் பற்றி நன்மொழி கூறினார். 1955 மே மாதத்திலே அக்காட்சியகத்திலேயே படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது.

அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே கல்கத்தாவில் திரையிடப்பட்டபோது முதல் நாள்களிற் கூட்டமில்லை. ஆயின், பார்த்தவர் வீடு சென்று பிறர்க்குச் சொன்னார். ஓரிரு வாரங்களுள் அரங்கு நிறைந்தது. மறுவருடம் கான் திரைப்பட விழாவிலும் இதுவே நிகழ்ந்தது. வேறொரு விருந்து நடந்த வேளையிற் காட்டப்பட்டமையால் மிகச் சிலரே அதனைப் பார்த்தனர். அச்சிலருள் இருந்த விமரிசகர்கள் வாளாவிருக்கவில்லை. மீண்டும் காட்டவேண்டுமென வற்புறுத்தினர். அதன் பயனாகச் சிறந்த மானிட ஆவணம் என்னும் பரிசு அப்படத்துக்குக் கிடைத்தது. மூன்று இடங்களிலே, மூன்று வேளைகளிலே, அப்படத்தைக் காத்தது பார்த்தவர் சொன்ன சொல்லே.

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1977இலே ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ அதனை ஆக்கினார். காவலூர் இராசதுரை அதன் எழுத்துக்குப் பொறுப்பாயிருந்தார். சாதியும் சீதனமும் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றை எவ்வாறு நெருக்குகின்றன என்பதே அதன் பொருள். நம்முடைய வீதி, நம்முடைய வேலி, நம்முடைய மௌனம் ஆகியவற்றைத் திரையிலே காட்டிய படம் அது. எனினும், வசூலிலே அது தோற்றது. தென்னிந்தியப் படங்களின் ஆடல் பாடலுக்குப் பழகிய நம் கண்கள் அதன் அமைதியைப் பொறுக்கவில்லை என்பர். அது பாதிக் காரணமே. கல்கத்தாவிலே பார்த்தவர் சொன்னார். இங்கே பார்த்தவர் சொல்லவில்லை, அல்லது சொன்னது போதவில்லை. மற்றைப் பாதி அதுவே.

ஆனால், சொல்லுதல் என்பதும் ஒரு முறையறிந்து செய்யவேண்டிய செயலாகும். “அருமையான படம், தவறவிடாதே” என்பது பரிந்துரையாகாது. அது சுவரொட்டியின் வேலை. பரிந்துரைப்பவன் மூன்றினைக் கருதல் வேண்டும். முதலாவது, எவருக்குச் சொல்கின்றோம் என்பது. ஒருவர்க்கு மருந்தாவது இன்னொருவர்க்கு உறக்கமாதல் கூடும். இரண்டாவது, எதனால் நன்று என்பது. ஒரு காட்சியையேனும் சுட்டிக் காட்ட இயலாத புகழ்ச்சி வெறும் ஆரவாரமே. மூன்றாவது, எவ்வளவு சொல்வது என்பது. முடிவைச் சொல்லிவிடுபவன் விருந்துக்கு அழைத்துவிட்டு இலையைத் தானே வழித்துண்பவனுக்கு ஒப்பாவான்.

இக்காலத்து மாணவர்கள் இவ்விடத்தே ஒரு தடை நிகழ்த்தலாம். “எமக்கேற்ற படங்களைக் கைத்தொலைபேசியே எடுத்துத் தருகின்றதே, நண்பர் எதற்கு?” என்பர். தம்பிமாரே, அப்பொறி நீங்கள் முன்பு எதனைப் பார்த்தீர்களென்று கணக்கிட்டு, அதனோடொத்த இன்னொன்றை நீட்டுகின்றது. சண்டைப் படம் பார்த்தவனுக்கு மேலும் சண்டைப் படம் வரும். இராமசுவாமி முதலியாரின் இடத்திலே அப்பொறி இருந்திருப்பின், ஐயருக்கு மேலுமொரு கலம்பகத்தையே கொடுத்திருக்கும். நாம் விரும்பியதைத் தருவது பொறி. நாம் விரும்ப அறியாததைத் தருபவன் நண்பன்.

மாணவர்க்குச் சினிமா ஆகாது என்னும் பெரியோர்க்கும் ஒருவார்த்தை. அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. காலத்தையும் கருத்தையும் கெடுக்கும் படங்கள் பலவுள என்பதை நானும் ஏற்பேன். ஆயினும், தீய நூல்கள் உளவென்று நாம் நூலகத்தைப் பூட்டுவதில்லை. நல்லாசிரியரை அங்கே இருத்துகின்றோம். தடையினாற் படம் பார்க்கும் பழக்கம் நின்றதாக நான் அறிந்ததில்லை. தனியே, துணையின்றி, தெரிவின்றிப் பார்க்கும் பழக்கமே வளர்ந்தது. மாணவன் படம் பார்க்கத்தான் போகின்றான் என்றால், எதனைப் பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தல் ஆசிரியர்க்கும் மூத்தோர்க்கும் உரிய கடமையன்றோ?

பிறர்க்கு முறை கூறுபவன் தானும் அதனைச் செய்து காட்டல் வேண்டும். ஆகவே, என் மனத்துக்கினிய படங்கள் மூன்றினை, இன்னாருக்கு இன்னதெனக் குறிப்பிடுவேன்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு யசுஜிரோ ஒஸுவின் ‘ரோக்கியோக் கதை’. 1953இல் வந்த யப்பானியப் படம். ஒனோமிச்சி என்னும் சிற்றூரிலிருந்து முதிய தாயும் தந்தையும் ரோக்கியோ நகரிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்கின்றனர். மகன் வைத்தியர், மகள் அழகுநிலையம் நடத்துபவள். எவரும் தீயரல்லர், எவர்க்கும் நேரமில்லை, அவ்வளவே குற்றம். போரிலே மாண்ட இன்னொரு மகனின் கைம்பெண்ணாகிய மருமகளே அம்முதியோரைப் பேணுகின்றாள். பாயிலே அமர்ந்திருப்பவர் கண்மட்டத்திலே படப்பெட்டியை வைத்து, உரத்த சொல் ஒன்றுமின்றி, ஒஸு இக்கதையைச் சொல்கின்றார். ஊரிலே அப்பாவையும் அம்மாவையும் விட்டு, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாழும் நம்மவர்க்கு இது அயல்நாட்டுப் படமாகத் தோன்றாது. பார்த்து முடித்ததும் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பீர்களென்பது திண்ணம்.

ஆசிரியர்க்கு லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963இல் ஆக்கப்பட்டு, 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவிலே தங்கமயில் விருது பெற்ற சிங்களப் படம். தென்னிலங்கைக் கிராமமொன்றிலே பெரிய வீட்டுப் பெண் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருகின்றான் பியல் என்னும் இளைஞன். அவனுடைய கல்வியை மதிக்கும் அவ்வீடு, அவனுடைய குலத்தை மதிக்க மறுக்கின்றது. காலம் அவ்வீட்டின் செல்வத்தைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்வதைச் சுவரும் கதிரையும் கூடப் பேசுகின்றன. சிங்களவரை நாமும் நம்மை அவரும் அறிவதற்கு அரசியல் மேடைகள் செய்யாத உதவியை இப்படம் செய்யும். நாற்சார் வீடுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் யாழ்ப்பாணத்தார் அறியாத கதையா?

வீடு கட்டிக்கொண்டிருப்போர்க்கும் கட்ட எண்ணியிருப்போர்க்கும் பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988இல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் மட்டக்களப்பின் அருகே அமிர்தகழியிற் பிறந்த நம் நாட்டவர் என்பதில் நமக்கொரு பெருமிதம். சென்னையிலே வேலை பார்க்கும் சுதா என்னும் பெண், இருக்கும் வாடகை வீட்டை விட்டு நீங்கவேண்டி வருவதால், தனக்கென ஒரு சிறு வீடு கட்டத் தொடங்குகின்றாள். கடன், இலஞ்சம், ஒப்பந்தக்காரரின் கபடம் என ஒவ்வொரு கல்லும் ஒரு போராட்டமாகின்றது. படத்திலே ஒரு பாட்டேனும் இல்லை. அதனை எவரும் குறையென உணரார். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, முற்றுப்பெறாத அவ்வீட்டைப் பார்க்கச் செல்லும் காட்சியை மாத்திரம் ஊன்றிப் பாருங்கள். அதற்குமேல் ஒன்றும் கூறேன். மூன்றாவது விதி என் வாயைக் கட்டுகின்றது.

இவற்றைச் சுவையாதாரும் இருப்பர். சுவை ஆளுக்கொன்று என்பது உண்மையே. ஆனால், சுவை வேறுபடுதல் பேச்சை நிறுத்துதற்குக் காரணமன்று, தொடங்குதற்கே காரணம். “நீர் சொன்ன படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனெனில்” என்று ஒருவர் எழுதுவாராயின், அந்த ‘ஏனெனில்’ என்னும் சொல்லிலேயே ரசனை பிறக்கின்றது.

இம்மூன்று படங்களும் இன்றும் கிடைக்கின்றன. ஆகையால் யான் பிழையாகச் சொல்லியிருப்பினும் நீங்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நம் நாட்டுத் தமிழ்ப் படங்களின் நிலை அத்தகையதன்று. 1962இல் ‘சமுதாயம்’ வந்தது. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா ‘குத்துவிளக்கை’த் தயாரித்தார், 1978இல் செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ திரையேறியது. 1983 யூலைக் கலவரத்திலே ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரியூட்டப்பட்டபோது, பல படங்களின் மூலச்சுருள்களும் சாம்பராயின. எஞ்சியவற்றைக் காலமும் ஈரமும் தின்றன. ஏட்டைச் செல்லரித்த கதையை நாம் மேடைதோறும் சொல்லி வருந்துகின்றோம். சுருள் அழிந்த கதையை எவர் சொல்கின்றார்? தம்பிஐயா தேவதாஸ் போன்ற ஆர்வலர் ‘இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை’ என நூலெழுதி வைத்திராவிடின், பெயர்கள்கூட மறைந்திருக்கும்.

இப்படங்களை வெலிங்டனிலும் வின்ட்சரிலும் றீகலிலும் வரிசையில் நின்று படம் பார்த்த தலைமுறையினர் கண்டனர். அவ்வரங்குகள் இன்று பெயரளவிலேயே உள்ளன. கண்டவரோ நம்மிடையே இருக்கின்றனர். இம்மலரை வாசித்துக்கொண்டும் இருக்கின்றனர். படம் அழிந்தபின், அதனைக் கண்டவரின் நினைவே அதன் ஒரே பிரதி. அப்பிரதிக்கும் வயது எழுபதைக் கடந்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதலின், ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். கல்லூரியிலே திரைப்படக் கழகமொன்று அமைக. மாதம் ஒரு படம் காட்டப்படுக. காட்டுவதற்குமுன் ஆசிரியரோ பழைய மாணவரோ ஏன் இதனைத் தெரிந்தோம் எனப் பத்து நிமிடம் பேசுக. அதனோடு, நூலகத்திலே தடித்த கொப்பி ஒன்று வைக்கப்படுக. பழைய மாணவர் ஒவ்வொருவரும், தாம் கண்ட நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஒன்றைப் பற்றி, எங்கே கண்டனர், எந்தக் காட்சி மனத்தில் நிற்கின்றது, எதனால் நன்று அல்லது எதனால் நன்றன்று என அரைப்பக்கம் எழுதுக. வெளிநாட்டிலுள்ளோர் கடித மூலம் அனுப்புக. இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை, கட்டடம் வேண்டுவதில்லை, கொப்பியின் விலையே செலவு.

கும்பகோணத்திலே ஒருவர் வினவிய வினாவை நாம் இன்றும் நன்றியோடு நினைக்கின்றோம். நாளை நம் கல்லூரி மாணவன் ஒருவன் அக்கொப்பியைப் புரட்டி, ‘பொன்மணி’ என்றொரு படம் இருந்ததாமே, அதன் சுருள் எங்கேனும் கிடைக்குமோ எனத் தேடப் புறப்படுவானாயின், அதனை எழுதிய முதியவரும் ஓர் இராமசுவாமி முதலியாரே ஆவர். அக்கொப்பியின் முதற்பக்கத்தை நிரப்ப முன்வருபவர் எவரோ, அவருக்கு என் வணக்கம்.