குளிர்காலம் இல்லாத நாட்டில் குளிர்காலப் பராமரிப்பு

போன்சாய் மரத்தை வீட்டினுள் எந்த இடத்தில் வைப்பது என்று பெற்றோர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. பள்ளிக்காக ஒன்றை வாங்கிய ஆசிரியர்களும் இதையே வினவுகின்றனர். உள்ளே வைக்கவே வேண்டாம் என்பதுதான் என் விடை. குறிப்பாக, நம் செடிக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஃபைகஸ் வகைக்கு வீட்டுக்கூரை தேவையே இல்லை.

உள்ளே வைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் கைக்கு எட்டும் போன்சாய் நூல்களுள் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. லண்டனில் டிசம்பர் மாதத்தில் பகல் எட்டு மணி நேரந்தான். உறைபனியில் ஃபைகஸ் மடிந்துவிடும். ஆகவே, இரவு வெப்பம் 10 பாகைக்கு இறங்குமுன் தொட்டியைச் சன்னலோரத்திற்குக் கொண்டுவந்து, நீரைக் குறைத்து, உரத்தை ஏறக்குறைய நிறுத்தி, பெரிய கிளைவெட்டுகளை வசந்தம் வரை ஒத்திவைக்கின்றனர். அவர்கள் செய்வது முற்றிலும் சரி. வெப்பமண்டல மரமொன்றை அயல்மண்ணில் உயிரோடு காக்கும் வழி அது. (சப்பானியர் தங்கள் ஊசியிலை மரப் போன்சாய்களைக் குளிர்காலத்திலும் வெளியில்தான் வைத்திருப்பர் என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி.)

ஆனால், கோலாலம்பூரில் பகல்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் அரைமணி நேரங்கூட வேறுபடுவதில்லை. ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா இம்மண்ணுக்கே உரியது. மலாய்க்காரர்கள் அதனை ஜெஜாவி என்பர். ஆலும் அரசும் அத்தியும் அதன் உறவுகள். பறவையின் எச்சத்தில் விழுந்த விதை பழைய கடைவீட்டின் சுவர்வெடிப்பில் முளைத்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய மரத்தைக் குளிர்சாதனம் ஓடும் ஆசிரியர் அறையில் வைத்தால் இலை உதிரும், குருத்து வெளிறி நீளும். இல்லாத குளிர்காலத்தை நாமே அதற்கு உண்டாக்கித் தருகிறோம்.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஆசிரியர் என்ற முறையில் வேறொரு காரணமும் உண்டு. நம் மாணவர்களின் கட்டுரைகளில் மார்கழிப் பனியும் கத்திரி வெயிலும் தவறாமல் வருகின்றன. வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே கொட்டும் பருவமழை வருவதில்லை. அச்சில் உள்ளதை நம்பிக் கண்முன் உள்ளதைக் காணாமல் விடும் இப்பழக்கத்தைப் போக்க, தொட்டியில் நிற்கும் ஒரு சிறுமரம் நல்ல வாய்ப்பு.

கிளைவெட்டுக்கு வருவோம். ஒரு குருத்து ஆறு முதல் எட்டு இலை விட்டதும், இரண்டு அல்லது மூன்று இலைகளை விட்டு மீதியை வெட்டலாம். சில வாரங்களில், எஞ்சிய இலைக்காம்புகளின் கணுக்களில் புதுமொட்டுகள் எழும். உச்சியில் வளர்ச்சி வேகம் மிகுதி. எனவே மேலே கண்டிப்பாகவும் கீழே தாராளமாகவும் வெட்டவேண்டும். பருக்க வேண்டிய கிளையை வெட்டாமல் நீளவிடுவதே முறை. வெட்டிய இடத்தில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். அது சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், சீருடையிலும் கறையாகும். இதனால் முதலிரு ஆண்டு மாணவர்களிடம் கத்தரிக்கோலைத் தர நான் உடன்படமாட்டேன். நான்காம் ஆண்டுக்கு மேல் தாராளமாகத் தரலாம். குளிர்நாட்டுச் சிறுவன் வசந்தம் வரை காத்திருந்து காண்பதை நம் மாணவன் எந்த மாதத்திலும் தொடங்கி, அதே பள்ளித் தவணைக்குள் கண்டுவிடுவான்.

மரத்தை வெட்டுவது கொடுமை என்பாரும் உளர். தொட்டியில் வேரும் சிறிது, நீரும் சிறிது. அளவோடு வெட்டுவதே அம்மரத்தைப் பல்லாண்டு வாழவைக்கிறது. இதையே பிள்ளை வளர்ப்புக்கு உவமையாக்கி மேடையில் முழங்குவோரைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

நம் பள்ளி மரத்திற்கு உண்மையான குளிர்காலம் நீண்ட விடுமுறைதான். ஆழமில்லாத தொட்டி நம் வெயிலில் ஒரே நாளில் வறண்டுவிடும். கெடா, பெர்லிஸ் பக்கம் ஆண்டுத் தொடக்க வறட்சியில் காலையும் மாலையும் நீர் ஊற்ற நேரும். தட்டில் நீரைத் தேக்கிவிட்டுப் போவது தீர்வாகாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு அதில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். கொசு பெருக இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். பள்ளித் தோட்டத்தின் பகுதி நிழலில் தொட்டியை விளிம்புவரை மண்ணில் புதைத்து, காவலரிடம் சொல்லிவைப்பது ஒரு வழி. அதைவிட, மாணவருக்கு ஒரு தொட்டியாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதையே நான் விரும்புவேன். கொடுத்தால் திரும்பி வராது என்பர். வராவிட்டால் அம்மரம் ஒரு மாணவனின் வீட்டு வாசலில் வளரட்டும். பள்ளிக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தொட்டியை வாசலிலேயே வைத்துவிடுங்கள், வரவேற்பறை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.