வேகமா, பத்திரமா?

எனக்குத் தெரிந்த ஒருவர் கல்யாணப் போட்டோ எடுப்பவர். ஒரு நாள் பேயறைந்தவர் போல வந்து நின்றார்.

"நாலு கல்யாணம் போய்விட்டது, சார்!" என்றார்.

கல்யாணம் போகவில்லை, படங்கள் போய்விட்டன. கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டியிருக்கிறார். "வேகம் இரண்டு மடங்கு" என்று யாரோ சொன்னார்களாம். சொன்னது பொய்யல்ல. பாதியைத்தான் சொன்னார்கள்.

படத்தைத் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை இந்த டிஸ்கிலும் அடுத்த துண்டை அந்த டிஸ்கிலும் எழுதும் முறை அது. இரண்டு பேர் சேர்ந்து மூட்டை தூக்கினால் வேலை சீக்கிரம் முடியும் அல்லவா? ஆனால் ஒரு டிஸ்க் கெட்டால் மிஞ்சுவது வெறும் துண்டுகள். அவற்றை வைத்துப் படத்தை மீட்க முடியாது.

இது புதிய செய்தி அல்ல. 1988-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டிஸ்குகளைச் சேர்த்தால் 300 மணி நேரத்தில் ஏதாவது ஒன்று படுத்துவிடும். இரண்டு வாரம்கூடத் தாங்காது! ஆகவே உபரி டிஸ்க் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன முறைக்குப் பெயர் 'ரெய்டு'. (வருமான வரிக்காரர்கள் நடத்தும் ரெய்டு அல்ல!)

உபரி வைக்கும் வழிகளில் சுலபமானது கண்ணாடி முறை. ஒரே படத்தை இரண்டு டிஸ்கிலும் எழுதுவது. ஒன்று போனால் மற்றொன்று இருக்கும். ஆனால் இரண்டு டிஸ்க் வாங்கினால் ஒரு டிஸ்க் இடம்தான் கிடைக்கும்.

இன்னொன்று கூட்டல் முறை. ஒரு டிஸ்கில் 7, மற்றொன்றில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12. ஐந்து அழிந்தால் பன்னிரண்டில் ஏழைக் கழியுங்கள், ஐந்து வந்துவிடும். (உண்மையில் இது ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கு. சாரம் இதுதான்.) மூன்று டிஸ்க் வாங்கினால் இரண்டு டிஸ்க் இடம் கிடைக்கும். லாபம்தானே?

பொறுங்கள். ஏழை ஒன்பதாக மாற்ற வேண்டுமானால், பழைய எண்ணைப் படிக்க வேண்டும். பழைய கூட்டுத்தொகையைப் படிக்க வேண்டும். புதிய எண்ணை எழுத வேண்டும். புதிய தொகையையும் எழுத வேண்டும். ஒரு வேலை நாலு வேலை ஆகிறது! எண்ணை எழுதிவிட்டுத் தொகையை எழுதுமுன் கரண்ட் போனால் கணக்கே தப்பாகிவிடும்.

தனிக் கருவி இல்லாமல், லினக்ஸ் போன்ற மென்பொருளே இந்த வேலைகளைச் செய்துவிடும். கூட்டல் கணக்கு இன்றைய கம்ப்யூட்டருக்குத் தூசு. டிஸ்குகளுக்காகக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. 8 டெராபைட் டிஸ்க் ஒன்று கெட்டால், விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் புதியதை நிரப்பவே பதினோரு மணி நேரம் ஆகும். கூட்டல் முறையில், அதற்குள் இன்னொரு டிஸ்க் கெட்டால் எல்லாம் போயிற்று.

வீட்டுப் படங்களுக்கும் சிறு கடைக் கணக்குக்கும் கண்ணாடி முறைதான் சரி என்பது என் கட்சி. பாதி இடம் வீணாகிறதே என்பார்கள். வீட்டில் சாவிக்கு இரண்டு பிரதி வைத்திருப்பதை யாராவது வீண் என்கிறோமா? வேகமும் அப்படியொன்றும் குறைந்துவிடாது. எழுதும்போது இரண்டு டிஸ்கும் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கண்ணாடியை நம்பித் தூங்கிவிடாதீர்கள். குழந்தை ஒரு படத்தை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அழியும். வேறு இடத்தில் தனிப் பிரதி ஒன்று அவசியம்.

போட்டோக்காரர் இப்போது கண்ணாடி முறைக்கு மாறிவிட்டார். தனிப் பிரதி மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆனால் போன நாலு கல்யாணங்களில் ஒன்றில், மணப்பெண்ணின் தாத்தா அடுத்த மாதமே காலமாகிவிட்டாராம். அவருடைய கடைசிப் படத்தைக் கேட்டு அந்தப் பெண் இன்னமும் போன் செய்கிறாள்.