அமைதிக் குழு யாருக்குப் பதில் சொல்லும்?

ஓர் ஊரில் மதக்கலவரம் மூண்டு தணிந்ததும் மாவட்ட நிர்வாகம் வழக்கமாக வெளியிடும் அறிவிப்பு ஒன்று உண்டு: அமைதிக் குழு கூடியது, இரு சமூகத்துப் பெரியவர்களும் கலந்துகொண்டனர், இயல்பு நிலை திரும்பியது. மறுநாள் நாளேட்டில் படம் வரும். நடுவில் காவல்துறை அதிகாரி. இருபுறமும் வணிகர்கள், ஒப்பந்ததாரர்கள், வழிபாட்டுத் தல நிர்வாகிகள். கடையைத் தீக்குப் பறிகொடுத்தவரும் மகனைப் புதைத்தவரும் அந்தப் படத்தில் இருப்பதில்லை. இந்தப் பெரியவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? அவர்கள் என்ன பேசினர், எதற்கு ஒப்புக்கொண்டனர்? கலவரத்துக்கு முந்தைய மாதங்களில் இக்குழு ஒருமுறையேனும் கூடியதா? இவற்றைக் கேட்டால், "தன்னலம் கருதாமல் ஊதியமின்றி உழைப்போரிடம் கணக்குக் கேட்பது முறையா?" என்று எதிர்க்கேள்வி எழுப்புகிறார்கள்.

இந்த எதிர்க்கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால், நடந்தவை வேறு பாடம் சொல்கின்றன.

மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரமான பிவண்டியை எடுத்துக்கொள்வோம். 1970 மே மாதச் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம் அந்நகரைச் சூறையாடியது. அதை விசாரித்த நீதிபதி மதோன் ஆணையம் காவல்துறையின் ஒருதலைச் சார்பைக் கடுமையாகச் சாடியது. 1984இல் மீண்டும் பேரழிவு. 1988இல் அங்கு காவல்துறைத் துணை ஆணையராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோப்படே, பேட்டைதோறும் மொஹல்லா குழுக்களை அமைத்தார். வழக்கமான பிரமுகர்களைத் தவிர்த்து, அந்தந்தத் தெருவில் வாழும் இரு மதத்துச் சாதாரண மக்களையும் அங்கு பணியாற்றும் காவலர்களையும் சேர்த்து உட்கார வைத்தார். குழுக்கள் தொடர்ந்து கூடின. சில்லறைத் தகராறுகளும் அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் சுமார் 900 பேர் மாண்டனர். அருகிலிருந்த பிவண்டியில் பெருங்கலவரம் மூளவில்லை.

அதே பிவண்டியில் 2006 ஜூலையில் நடந்தது என்ன? அடக்கத்தலத்தை ஒட்டிய நிலத்தில் காவல் நிலையம் கட்டுவது குறித்துத் தகராறு எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் இருவரும், அதைத் தொடர்ந்த வன்முறையில் காவலர் இருவரும் உயிரிழந்தனர். இம்முறை மோதல் மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையில் ஏற்பட்டது. காவல்துறையே கூட்டி, காவல்துறையே தலைமை வகிக்கும் குழு, காவல்துறையே ஒரு தரப்பாகும் வழக்கில் எப்படி நடுநிலை வகிக்கும்? நல்ல அதிகாரி ஒருவர் அமைத்த ஏற்பாடு, அவர் மாறுதலாகிப் போனதும் அடுத்தவரின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை அதன் அமைப்பிலேயே பதிக்கப்படவில்லை என்பதே இந்தப் பலவீனத்தின் வேர்.

மணிப்பூரில் இதே நோய் மேலிடத்திலிருந்தே தொடங்கியது. 2023 மே 3இல் வெடித்த வன்முறைக்கு ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, ஒன்றிய அரசு ஆளுநர் தலைமையில் அமைதிக் குழுவை அறிவித்தது. தங்களைக் கேட்காமலே பெயர்களைச் சேர்த்துவிட்டதாகக் குக்கி தரப்பினர் கூறினர். தாங்கள் குற்றஞ்சாட்டும் முதலமைச்சரே அதில் இருக்கையில் எப்படி அமர்வது என்றும் கேட்டனர். குழு பிறக்கும்போதே முடங்கியது. நாடு முழுமைக்குமாக 1961இல் உருவான தேசிய ஒருமைப்பாட்டு மன்றமோ 2013 செப்டம்பரில் கூடியதோடு உறங்கிப்போனது.

ஊதியம் பெறாதவர் அதிகாரமும் அற்றவர் என்று கருதுவது பிழை. எந்த இளைஞனின் பெயர் சந்தேகப் பட்டியலில் ஏறும், எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகும், எந்த வழக்கில் "சமரசம்" செய்யப்படும் என்பதில் இக்குழுவினரின் சொல் எடுபடுகிறது. அந்தச் சமரசத்தின் விலை என்ன என்பதை 2002க்குப் பிந்தைய குஜராத் காட்டியது. புகாரைத் திரும்பப் பெற்றால்தான் ஊருக்குள் வரலாம் என்று அகதி முகாம்களில் இருந்தோர் பல இடங்களில் மிரட்டப்பட்டனர். முடித்துவைக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபரிசீலனை செய்யுமாறு 2004இல் உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது. கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில், அமைதி என்ற சொல்லே நீதியைப் பறிக்கும் கருவியாகிவிடும்.

கணக்குக் கேட்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசு அமைப்பு ஒவ்வொன்றும் தனக்கு ஆலோசனை கூற நிறுவியுள்ள குழுக்களின் விவரத்தை, யாரும் விண்ணப்பிக்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அவற்றின் கூட்டங்களில் மக்கள் பங்கேற்கலாமா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்பதையும் அறிவிக்க வேண்டும். காவல் நிலையத்தின் அமைதிக் குழுவுக்கும் இது பொருந்தும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. உறுப்பினர் பெயர்ப் பட்டியல் காவல் நிலைய வாயிலில் ஒட்டப்பட வேண்டும். பதவிக்காலம் வரையறுக்கப்பட வேண்டும். கலவரமில்லாத காலத்திலும் குழு கூடி, நடவடிக்கைக் குறிப்பைப் பொதுவில் வைக்க வேண்டும். தொழிற்சங்கம், மாதர் அமைப்பு, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். குற்ற வழக்குகளில் சமரசம் பேசும் உரிமை குழுவுக்கு அறவே இருக்கக் கூடாது.

இதே அளவுகோல் இடதுசாரிகளுக்கும் பொருந்தும். பல ஊர்களில் கட்சித் தோழர்களும் இக்குழுக்களில் அமர்கிறார்கள். அழைப்பு வந்ததும் போய், தேநீர் அருந்தி, கையெழுத்திட்டுத் திரும்பும் தோழர், அங்கு நடந்ததைத் தம் கிளையில் அறிக்கையாக வைக்கிறாரா? வைக்கவில்லை எனில், அதிகாரி வரைந்த தீர்மானத்துக்குக் கட்சியின் பெயரை இரவல் கொடுத்தவராகிறார். தனிமனிதர் ஒருவரின் நல்லெண்ணத்தை இங்கு யாரும் ஐயுறவில்லை. கூட்டு முடிவுக்கும் கூட்டுப் பொறுப்புக்கும் பழகிய இயக்கம், தான் பங்கேற்கும் எந்த அவையிலும் அதையே கோர வேண்டும் என்பதுதான் செய்தி.

பிவண்டியின் தறிப்பட்டறையில் ஒரே கூரையின் கீழ் இரு மதத்தவரும் நெய்கிறார்கள். அவர்களின் ஒற்றுமை காவல் நிலைய நாற்காலிகளில் உருவானதன்று, உழைப்பில் விளைந்தது. அதைக் காப்பதாகச் சொல்லும் குழு அவர்கள் முன் வந்து நின்று பதில் சொல்லட்டும். தோழர்கள் தத்தம் பகுதியில் அந்தக் கேள்வியை இந்த மாதமே எழுப்பட்டும்.