நீச்சல் குளத்தைக் கூட்டுவது யார்?



பென்ஷன் வாங்கும் குமாஸ்தாவுக்கும் நீச்சல் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது கிணறும் மொட்டைமாடித் தொட்டியும்தான். ஆனால் புதுச்சேரியில் காலம் மாறிவிட்டது. பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் வீடு கட்டும்போது பின்பக்கம் சின்னதாக ஒரு குளமும் கட்டிவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் லீவுக்கு வந்து பேரப்பிள்ளைகள் குதித்து விளையாடுவார்கள். பிறகு விமானம் ஏறிவிடுவார்கள். மீதிப் பத்து மாதம் அந்தத் தண்ணீர் யார் பொறுப்பு?

என் தங்கை மகன் அப்படிக் கட்டியவன். "மாமா, சுத்தம் செய்ய எந்த மிஷின் வாங்கலாம்? கொட்டேஷன்களை நீங்களே பாருங்கள்" என்று அனுப்பி வைத்தான். கொட்டேஷன் என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். காகிதத்தில் கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன்.

கடையில் கிடைப்பவை நான்கு வகை. முதலாவது கைவேலை: நீளக் கம்பு, இலை அள்ளும் வலை, பிரஷ், தரையில் படிந்த அழுக்கை உறிஞ்சும் தலைப்பு. இரண்டாவது, குளத்து மோட்டாரின் இழுவிசையில் தானே ஊர்ந்து உறிஞ்சும் கருவி. விலை குறைவு, ஆனால் அது உறிஞ்சும் அழுக்கெல்லாம் மணல் வடிகட்டிக்குப் போகிறது. வடிகட்டியைத் திருப்பி அலசும் ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகி வரும் ஊரில் இதைச் சாதாரணமாக நினைக்க முடியாது. வேப்பமரம் இலை உதிர்க்கும் மாதத்தில் குழாய் அடைத்துக்கொள்வது வேறு. மூன்றாவது, அழுத்தமான நீரால் ஓடுவது. பெரும்பாலும் தனிக் குழாயும் தனி மோட்டாரும் கேட்கும். கட்டும்போதே யோசித்திருக்க வேண்டும். நான்காவது ரோபோ. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும், தரையைத் தேய்க்கும், அழுக்கைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். 150 வாட் ரோபோ 2 மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட்தான். ஒரு குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரத்துக்கே முக்கால் யூனிட் இழுக்கும். ரோபோ இருந்தாலும் நீரைச் சுழற்றி வடிகட்ட அந்த மோட்டாரும் தினம் ஓடியே ஆக வேண்டும் என்பதை விற்பவர் அழுத்திச் சொல்ல மாட்டார்.

விலை, உத்தரவாதம், உதிரி பாகம், மின்செலவு என்று கட்டங்களை நிரப்பிய பிறகு ஒன்று தெரிந்தது. எந்தக் கொட்டேஷனிலும் "இயக்குபவர் யார்?" என்ற கட்டம் இல்லை. அந்த வீட்டில் இருப்பது எழுபதைத் தொட்ட என் தங்கையும், காலையில் வந்து போகும் வேலைக்காரப் பெண்ணும். ரோபோ வெளியே எடுக்கும்போது பத்துக் கிலோ கனக்கலாம். முழங்கால் வலிக்காரி ஈரத்தரையில் குனிந்து அதைத் தூக்கினால் குளம் சுத்தமாகும், இடுப்பு முறியும்.

என் கருத்து இதுதான்: குளிக்கிற இரண்டு மாதத்தை நினைத்து மிஷின் வாங்காதீர்கள், குளிக்காத பத்து மாதத்தை நினைத்து வாங்குங்கள்.

பத்து மாதம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 21,600 லிட்டர். டெங்கு கொசு முட்டையிடுவது தெளிந்து தேங்கிய நீரில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் பிரெஞ்சில் படித்தவன். அங்கே நீச்சல் குளத்துக்கு 'பிஸீன்' என்று பெயர். மீன் வளர்க்கும் குளத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மீன் உள்ள குளத்தில் கொசுப்புழுவை மீன் தின்னும். குளோரின் போடும் குளத்தில் மீன் வாழாது. அந்த வேலையும் நம் தலையில்தான்.

"தண்ணீரை இறைத்துக் காலியாக வைத்தால் என்ன?" என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது வெற்றுத் தொட்டியை அடியிலிருந்து தள்ளும். தரை விரிசல் விடலாம். மழைநீர் தேங்கிக் கொசுவும் வரும்.

ஆகவே என் சிபாரிசு. கம்பும் வலையும் பிரஷும் எந்த வீட்டிலும் கட்டாயம். புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது இவைதான் கை கொடுக்கும். அடுத்து, மிஷினுக்கு முன்னால் ஒரு நல்ல மூடி. இலையும் விழாது, நீரும் குறைவாக ஆவியாகும். மூடிமேல் மழைநீர் தேங்கவிடக் கூடாது. பிரான்சில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக் குளங்களுக்கு வேலி, மூடி, கூரை, எச்சரிக்கை மணி இவற்றில் ஒன்றாவது கட்டாயம். சின்னக் குழந்தைகள் விழுந்து இறந்ததால் வந்த சட்டம் அது. இங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக விட்டுவிடலாமா? பாதுகாப்புக்கென்றே செய்த, நன்றாக இறுக்கிக் கட்டும் மூடியாகப் பாருங்கள்; மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு குழந்தையைத் தாங்காது.

ரோபோ வாங்கினால், எடை குறைவானதா, அழுக்குக் கூடையை மேலிருந்தே எடுக்க முடியுமா, ரிப்பேருக்குச் சென்னைக்குள்ளாவது ஆள் உண்டா என்று கேளுங்கள். ஓடும்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

எந்த மிஷினும் கிருமியைக் கொல்லாது. பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்கிறதா, குளோரின் போதுமா என்று சோதனைப் பெட்டியால் பார்ப்பது மனிதர் வேலை. குளோரினையும் ஆசிடையும் ஒரே வாளியில் கலந்தால் விஷவாயு கிளம்பும். இதை வேலைக்காரப் பெண்ணுக்கு வாயால் சொன்னால் போதாது. இரண்டையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். அவளுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். இந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் கொடுங்கள். மிஷினுக்கு லட்சம் செலவழிக்கத் தயங்காதவர்கள் இந்த இடத்தில் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

மருமகனுக்கு எழுதிய பதிலில் அந்தக் கட்டத்தைச் சேர்த்து, காலியாகவே விட்டு அனுப்பினேன். அதில் ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு ஒரு மாதச் சம்பளமும் எழுத முடிந்தால் எந்த நல்ல மிஷினும் சரி. எழுத முடியாவிட்டால் குளம் கட்டப் போகிறவர்கள் அந்த இடத்தில் இரண்டு தென்னங்கன்று வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இளநீராவது கிடைக்கும்.