கல்குவாரியில் தொடங்க வேண்டிய கணக்கு

பெரிய கட்டுமான நிறுவனமொன்று தன் பணித்தளங்களில் எரிக்கும் டீசலையும் வாங்கும் மின்சாரத்தையும் படிப்படியாகக் குறைத்து, குறித்த ஓர் ஆண்டுக்குள் கரிமச் சமநிலையை, அதாவது வெளியேற்றும் கரியமில வாயு முழுவதும் ஈடுசெய்யப்படும் நிலையை, எட்டிவிட்டால் அதன் வளங்குன்றா வளர்ச்சிக் கடமை நிறைவேறிவிடும் என்ற கருத்து தொழில்துறையில் வேரூன்றியிருக்கிறது. லார்சன் அண்ட் டூப்ரோ 2035-க்குள் நீர்ச் சமநிலையையும் 2040-க்குள் கரிமச் சமநிலையையும் இலக்காக அறிவித்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இத்தகைய இலக்கையே நெடுங்காலத் திட்டமாகக் கொள்வது எவ்வளவு குறைபாடுடையது என்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து நோக்கும்போது புலப்படும்.

நிறுவனத்தின் சொந்த வெளியீடே முதன்மையானது என்பது இக்கருத்தின் அடிப்படை. கட்டுமானத்தில் பெரும்பங்கு வாயு, வாங்கும் சிமெண்டிலும் இரும்பிலும் அடங்கியிருக்கிறது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லில் பிணைந்திருந்த வாயுவே வெளியேறுவதால், எரிபொருளை மாற்றினாலும் அப்பகுதி நீங்குவதில்லை. லார்சன் அண்ட் டூப்ரோ தன் சிமெண்ட் தொழிலை 2004-இல் பிரித்துக் கொடுத்தது. அதுவே இன்றைய அல்ட்ராடெக். அதற்கு வணிகக் காரணங்கள் இருந்தன என்றாலும், அதுவரை நேரடி வெளியீடாக இருந்தது அன்றுமுதல் பிறர் கணக்குக்குப் போனதே தவிர, காற்றில் கலக்கும் வாயு அதனால் குறையவில்லை. பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களிடம் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாகக் கேட்கும் அறிக்கையிலும், வாங்கும் பொருளின் வெளியீடு விருப்பப் பகுதியிலேயே இருந்தது.

வாங்கும் பொருள் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று இதற்கு விடை கூறப்படுகிறது. அவ்விடை ஏற்கத்தக்கதன்று. சிமெண்டில் 35 விழுக்காடு வரை நிலக்கரிச் சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிர்ணயம் இடமளிக்கிறது. இடிபாட்டிலிருந்து மீட்ட ஜல்லியை எம்-25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு பயன்படுத்த 2016-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 383 தரநிர்ணயம் அனுமதிக்கிறது. இவற்றைக் கேட்பதா, விடுவதா என்பதை வடிவமைப்பாளரும் கொள்முதல் பிரிவுமே முடிவு செய்கின்றனர்.

ஆற்றுமணலை விட்டு எம்-சாண்டுக்கு மாறியதே போதும் என்னும் வாதம் இன்னும் நுணுக்கமாக ஆராயத்தக்கது. கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகளின் மணல் எஞ்சுமானால் அது பெரும் நன்மையே. ஆனால் எம்-சாண்ட் என்பது வெடிவைத்துப் பெயர்த்த கருங்கல்லைக் கிரஷரில் இட்டு, ஜல்லியாகச் சலித்து, மேலும் நொறுக்கி, மாவுத்தூள் நீங்கக் கழுவிப் பெறுவது. கழுவ நிலத்தடி நீர் வேண்டும்; கழுவிய சேறு எங்காவது கொட்டப்படும்; தண்ணீர் தெளிக்காத கிரஷரின் தூசி அருகிலுள்ள மக்காச்சோளத்தின் இலையிலும் மரவள்ளியின் இலையிலும் படியும்; குத்தகை முடிந்தபின் வேலியற்ற பள்ளம் மழைநீரால் நிரம்பி ஆடுமாடுகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தாகும். ஒவ்வொரு லோடும் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்ற பதிவும், பள்ளத்தை மூடுவதற்கோ வேலியிடுவதற்கோ உரிய தொகையைக் கொள்முதல் விலையிலேயே பிரித்து வைக்கும் ஒப்பந்தமும் இல்லாமல் தீட்டப்படும் திட்டம் அரைகுறையானதே.

உள்ஒப்பந்ததாரரின் ஆட்களுக்குத் தலைமை நிறுவனம் பொறுப்பாகாது என்பதும் அவ்வாறே பிழையானது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பலர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். கணவனும் மனைவியும் ஒருங்கே புறப்படும் வீட்டில் பிள்ளையின் படிப்புதான் முதலில் நிற்கிறது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டை நலநிதிக்குத் தீர்வையாகச் செலுத்த 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது; அந்நிதியின் பயன், நலவாரியத்தில் பெயர் பதியாத தொழிலாளிக்குக் கிட்டாது. எனவே பதிவு, வங்கி வழிக் கூலி, கடும் வெயிலில் ஓய்வு, தளத்தருகே பிள்ளைகளுக்கான கல்வி ஆகியவற்றை உள்ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாக்கி, அவை நிறைவேறிய பின்னரே பட்டியல் தொகையை விடுவிக்கும் அதிகாரம் தலைமை நிறுவனத்திடமே உள்ளது.