அளக்காத உயரம்

ஷாதிபூரிலிருந்து சாத்தாம் மர அறுவை ஆலை வெகுதொலைவில் இல்லை. 1883 முதல் அங்கே படாக், குர்ஜன் தடிகள் வந்து இறங்கியிருக்கின்றன. வீழ்ந்து கிடக்கும் தடியின் நீளத்தை எவரும் நாடா பிடித்து அளந்துவிடலாம். நிற்கும் மரத்தின் உயரம் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவேதான் அடிமரத்தின் விட்டத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும் சமன்பாடுகள் தோன்றின. அச்சமன்பாடுகளோடு எனக்குப் பகையில்லை. கணித்ததை அளந்ததுபோல் எழுதும் வழக்கத்தோடுதான் பகை.

அண்மையில் ஓர் ஆய்வேட்டின் தரவைப் பார்க்க நேர்ந்தது. ஒரே விட்டமுடைய மரங்களுக்கெல்லாம் இரண்டு தசமம் வரை ஒரே உயரம்! எந்தக் காடும் இப்படி வளர்வதில்லை. அந்த உயரத்தையே மீண்டும் விட்டத்தோடு சேர்த்து உயிர்த்திணிவைக் கணித்து, பொருத்தம் மிக நன்று என்று முடித்திருந்தார்கள். விட்டத்தை விட்டத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் என்ன செய்யும்?

2014-இல் ஜெரோம் சாவ் குழுவினர் வெப்பமண்டலத்தின் 58 இடங்களில் 4,004 மரங்களின் தரவைத் திரட்டி வெளியிட்ட சமன்பாடுகளை நாம் அனைவரும் கையாள்கிறோம். உயரம் தெரிந்தால் பயன்படுத்த ஒன்று, தெரியாதபோது பயன்படுத்த ஒன்று என இரண்டையும் அவர்கள் தந்தார்கள். இரண்டாவதில் வெப்பநிலையின் பருவ மாறுபாடு, நீர்ப் பற்றாக்குறை, மழையின் பருவ மாறுபாடு ஆகியவை சேர்ந்த ஒரு காரணி உண்டு. காற்றுக்கு அதில் இடமில்லை. தீவுக்காட்டிலோ கடற்காற்று மோதும் முகட்டில் குறுகி நிற்கும் மரமும், பள்ளத்தாக்கில் ஒளி தேடி நெடிது உயர்ந்த மரமும் ஒரே விட்டம் கொண்டிருக்கக்கூடும். பலகை வேர் மார்பளவுக்கு மேலும் ஏறிய மரத்தில் 1.37 மீட்டரில் நாடாவைச் சுற்றினால், விட்டமே பொய்யாகிவிடும் என்பது வேறு கதை.

அடர்காட்டில் உச்சி தெரியாதே என்பார்கள். மெய்தான். விரிந்த கிளைப்பரப்பில் நம் பக்கம் நீண்ட கிளையை உச்சியென மயங்கினால், கோணமும் கிடைத்தொலைவும் கொண்டு கணிக்கும் முறை உயரத்தைக் கூட்டியே காட்டும். அதற்காக அளவையே கைவிடுவதா? ஒவ்வொரு விட்ட வகுப்பிலும், முதன்மை இனங்கள் ஒவ்வொன்றிலும் சில மரங்களையாவது உச்சி தெளிவாகத் தெரியும் இடத்திலிருந்து அளந்து, அவ்விடத்துக்குரிய வளைகோட்டைப் பொருத்தி, பிழையையும் உடன் எழுதலாம். சில வாரக் களப்பணி. சலிப்பான வேலை, மறுக்கவில்லை.

உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிழைத்தால் மரத்தின் கனஅளவிலும் ஏறத்தாழ அதே பங்கு பிழைக்கும். பெரிய நிக்கோபார் திட்டத்தால் 9.64 லட்சம் மரங்கள் பாதிக்கப்படலாம் என 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஈடுசெய் காடு வளர்ப்புக்கு அரியானா குறிக்கப்பட்டது. இங்கே இழக்கும் கரிமம் எவ்வளவு, அங்கே எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு சேரும் என்று யார் கேட்டாலும் விடை நம் சமன்பாடுகளின் வழியேதான் வரும். மர எண்ணிக்கையைக் கரிமமாக மாற்றும் தராசில் நாம் கண்ணால் காணாத உயரங்களை எடைக்கல்லாக வைத்திருக்கிறோம்.

என் தரவில் அளந்த உயரமும் கணித்த உயரமும் தனித்தனி நிரல்களில் இருக்கும், கேட்போர்க்குத் தருவேன். இனி எந்தக் கருத்தரங்கில் உயர அட்டவணை திரையில் வந்தாலும் எழுந்து ஒன்று கேட்பேன்: இவற்றுள் எத்தனை மரங்களின் உச்சியை நீங்கள் கண்டீர்கள்?